வெறும் ஏனம்

சுதர்சினிக்கு ரோசம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கண்டி டவுனில் புடவைக் கடை வேலைக்குச் சேர்ந்து, கட்டுகஸ்தோட்டையில் மதிலும் கேட்டும் வைத்த வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கும் அளவுக்கு வந்தவள். யாரிடமும் கை நீட்டாமல் வந்தேன் என்பதுதான் அவளுடைய நகை நட்டு எல்லாம். கழுத்தில் கிடந்த நிஜ நகை அடகுக் கடைக்குப் போனபோதும் இந்த நகையை மட்டும் அவள் கழற்றவில்லை.

இரண்டாயிரத்து இருபதாம் ஆண்டு பங்குனியில் ஊரடங்கு போட்டார்கள். புடவைக் கடை பூட்டியது. புருஷன் திவாகரன் வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டுகிறவன். வெள்ளைக்காரனே வராத நாட்டில் வேன் கேட்டுக்கு உள்ளே நின்று காகங்களுக்குக் கக்கூஸாகிப் போனது. முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. திவாகரனும் பத்து வயது மகள் சிந்துஜாவும் கேரம் ஆடினார்கள். சுதர்சினி கல்யாணமான நாள் முதல் தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினாள். இரண்டாம் வாரம் சோறு ரொட்டியானது. மூன்றாம் வாரம் ரொட்டி சின்னதானது. அதற்குப் பிறகு எதைச் சமைப்பது என்று யோசிக்க வேண்டிய தொல்லையே இல்லாமல் போயிற்று.

நிவாரணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திவாகரன் கிராம சேவகரைத் தேடிப் போனான். உங்கள் பெயர் கலஹாப் பட்டியலில் அல்லவா இருக்கிறது என்றார்கள். சுதர்சினியின் அண்ணன் மூக்கையா தோட்டத்தில் விசாரித்துப் பார்த்தான். அவர்கள்தான் டவுனில் இருக்கிறார்களே என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான். ஆனால் நியாயத்தை உலையில் போட்டு வேகவைக்க முடியாது.

"பஸ் ஓடட்டும் தங்கச்சி, மூட்டையா மரக்கறி அனுப்பி வைக்கிறேன்" என்று மூக்கையா ஃபோனில் சொன்னான். தோட்டத்தில் கொழுந்து பறிப்பதை நிறுத்தவில்லை, அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. டவுனுக்குப் போய் முன்னேறியவள் தோட்டத்து மூட்டைக்குக் காத்திருந்தாள். பஸ்தான் ஓடவில்லை.

புத்தாண்டு கழிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் நோன்பு பிறந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ரபீகாவின் வீடு. ஐம்பது வயது மனுஷி. புருஷன் ரஸீன் பாலத்துக்குக் கிட்ட சில்லறைக் கடை வைத்திருக்கிறார். சுதர்சினி அவளைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அண்ணனை நானா என்பார்கள். குடிவந்த புதிதில் சேலை கட்டின ஒரு தாத்தாவா என்று சிந்துஜா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது.

நோன்பு முப்பது நாளும் ரபீகா கஞ்சி காய்ச்சுவாள். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு, இரம்பை இலை எல்லாம் போட்டு, பெரிய அண்டாவில். ஒழுங்கைச் சந்துக்குள் பதினொரு வீட்டுக்கு அவள் கஞ்சி போகும். சுதர்சினி வீட்டுப் பங்கை மட்டும் இறைச்சி போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவாள். இதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்டாப் பக்கத்தில் மூடி வைத்த சின்னச் சட்டியை ஒருமுறை பார்த்துத்தான் சுதர்சினிக்கே தெரியும். பாங்கு சொல்லக் கால் மணி இருக்கையில் மதிலுக்கு மேலாக ஏனம் வரும், சிந்துஜா எட்டி வாங்குவாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வந்த ஏனம் வெறும் ஏனமாகத் திரும்பக் கூடாது. சுதர்சினிக்கு இதை லயத்தில் அவளுடைய அம்மா சொல்லி வளர்த்தாள். ரபீகாவுக்கு அவளுடைய உம்மா சொல்லி வளர்த்தாள். ஒருத்தியை ஒருத்தி கண்ணாலும் கண்டிராத அந்த இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கஞ்சி வந்த ஏனத்தில் வடை போகும். பொங்கல் போன ஏனத்தில் வட்டிலப்பம் வரும். மூன்று வருஷமாக மதிலுக்கு மேலே இப்படித்தான் நடந்தது. கடையில் சுதர்சினி ஒரு நாளைக்கு இருநூறு தரம் சிங்களத்தில் 'ஸ்தூதி' சொல்லுவாள், சம்பளத்தில் அதுவும் சேர்த்திதான். வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து நன்றி என்று சொன்னால், என்ன, கூட்டத்தில் பேசப் போகிறாயா என்று கேட்பார்கள். வாய் சொல்லாததையெல்லாம் ஏனம் போய்ச் சொல்லிக்கொள்ளும்.

முதல் நோன்புக்கு வீட்டில் கடைசியாகக் கிடந்த கொண்டைக்கடலையைத் தாளித்து வைத்து அனுப்பினாள். இரண்டாம் நாள் எலுமிச்சம்பழம் இரண்டு. மூன்றாம் நாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அதுவும் வீட்டுக்காரரின் மரத்தில் கேட்காமல் ஒடித்தது. நாலாம் நாள் ஏனத்தைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு குசினியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வைப்பதற்கு ஒன்றுமில்லை.

வேறொருத்தியாக இருந்தால் ஒரு சிட்டிகை சீனியைப் போட்டு அனுப்பியிருப்பாள். சீனி இரண்டு கரண்டிதான் இருந்தது. சிந்துஜா மட்டும் உள்ளங்கையில் துளி வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பாள், மற்ற இருவருக்கும் அந்தத் துளியுமில்லை. அப்படியே சீனி இருந்தாலும், மூடி மூட முடியாமல் வடை அடுக்கி அனுப்பிய கை ஒரு சிட்டிகைக்கு இறங்குமா? உப்பு வைக்கலாமென்றால் விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது உப்பை வெளியே கொடுப்பார்களா, வீட்டில் மிச்சமிருக்கிற லட்சுமியும் கூடவே எழுந்து போய்விடுவாள். நாளைக்கு ஏதாவது கிடைக்கும், சேர்த்துத் திருப்பலாம் என்று ஏனத்தை அலுமாரிக்குள் வைத்தாள். நாளைக்கு என்பது அந்த நாட்களில் நாடு முழுக்கச் சொன்ன பொய்.

மறுநாள் நீலப் பிளாஸ்டிக் ஏனத்தில் கஞ்சி வந்தது. அதுவும் அலுமாரிக்குப் போயிற்று. அதற்கடுத்த நாள் ஒரு தூக்குச் சட்டி. அப்புறம் காது உடைந்த ஒரு கிண்ணம். ரபீகா வீட்டில் ஏனம் தீர்ந்துகொண்டு வருவது சுதர்சினிக்குத் தெரியாமலில்லை. பத்தாம் நோன்புக்கு ரோசாப்பூப் போட்ட பீங்கான் ஏனத்தில் வந்தது. அது விருந்தாளிகளுக்கென்று கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்த செட்டில் ஒன்று.

"ஏழு ஏனம் சேந்திருச்சு" என்றான் திவாகரன். "அந்தம்மா வீட்டுல கறி வைக்கச் சட்டி இருக்கோ என்னமோ. திருப்பிக் குடுத்துரு சுதா."

"எதப் போட்டுக் குடுக்கட்டும்? ஒங்க வேன் டயரையா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த வீட்டில் அவன் கற்ற பெரிய படிப்பு அதுதான்.

ஆனால் விஷயம் அவள் நெஞ்சுக்குள் வேறு மாதிரி புளித்துக்கொண்டிருந்தது. சிந்துஜாவின் இராச் சாப்பாடே அந்தக் கஞ்சிதான். பிள்ளை அதைக் குடித்துவிட்டு வயிறு நிறைந்து கதை பேசுவதைப் பார்க்கையில் சுதர்சினிக்குக் கண் கலங்கும். அதே கண் அலுமாரிப் பக்கம் திரும்பினால் எரியும். நாளாக நாளாக அவளுக்கு ரபீகா மேலேயே கோபம் வந்தது. ஒரு நாளைக்காவது மறந்து தொலைக்கக் கூடாதா இந்த மனுஷி என்று பத்தாம் நாள் நினைத்தாள். கொடுக்கிறவளைத் திட்டுகிற இடத்துக்கு மனுஷரைக் கொண்டுபோய் விட்டுவிடும் இந்த ரோசம்.

பதினோராம் நாள் ஏனம் வரவில்லை.

சிந்துஜா மதிலடியில் குந்தியிருந்தாள். பள்ளிவாசலில் ஆளில்லாவிட்டாலும் பாங்கு கேட்டது. அடுத்த வீட்டில் கரண்டிச் சத்தமும் கேட்டது. இருட்டும் வரைக்கும் பார்த்துவிட்டுப் பிள்ளை உள்ளே வந்தது. "தாத்தா மறந்துட்டாங்க போல" என்று தானே சொல்லிக்கொண்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தது. பன்னிரண்டாம் நாளும் வரவில்லை. அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சுதர்சினிக்குத் தாங்கவில்லை. ஏனத்தையெல்லாம் அமுக்கிக்கொண்ட வீட்டுக்கு எவள் கஞ்சி கொடுப்பாள் என்று தன்னையே ஏசினாள். அவமானத்தில் கொல்லைப்பக்கம் போவதையே நிறுத்தினாள்.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் ஒழுங்கை முனைக்கு மரக்கறி லொறி வந்தது. திவாகரன் கையிலிருந்த சில்லறைக்கு வாடிய கீரையாவது கிடைக்குமா என்று பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது கையில் கீரை இருந்தது, முகம்தான் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ரஸீன் நானாவ வரிசையில கண்டேன்" என்றான். "நான் சிரிச்சேன், அவரு தள்ளிப் போயி நின்னுக்கிட்டாரு. அப்புறம் சொல்றாரு, பயமா ஈந்தா வாயால செல்லியிருக்கலாமே தம்பி, நாங்க கோவிச்சிக்க மாட்டோம், சாப்பாட்டக் கொண்டுபோய்க் காணுக்குள்ள கொட்டினதுதான் மனிசிக்குத் தாங்க ஏலல்ல, ரெண்டு நாளா அழுறா, அப்பிடிங்கறாரு."

"என்னா பயம்? யாரு கொட்டினா?"

"நாமதானாம்."

சுதர்சினிக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அந்த நாட்களில் ஃபோனுக்கு ஃபோன் ஒரு செய்தி ஓடியது. முஸ்லிம் கடையில் சாமான் வாங்காதே, அவர்கள் கைபட்டதைத் தின்னாதே, நோய் அவர்களால்தான் வருகிறது என்று. அவளுடைய ஃபோனுக்கும் அது வந்தது. தூ என்று அழித்துவிட்டுக் குசினி வேலையைப் பார்த்தாள். தான் அழித்தால் அது ஊரிலேயே அழிந்துவிட்டதென்று நினைத்திருந்தாள். காண் விஷயமும் நினைவு வந்தது. பத்தாம் நாள் டின் அடியில் கிடந்த கடைசிப் பிடி அரிசியைக் கழுவின தண்ணீரை மதிலோரச் சாக்கடைக் காணில் ஊற்றினாள். வெள்ளை வெளேரென்று மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடியிருக்கும். ஏழு நாளாக ஏனம் திரும்பவில்லை, எட்டாவதாகக் காணில் வெள்ளையாக ஓடுகிறது. ரபீகா வேறு என்ன நினைப்பாள்?

தன்னுடைய வறுமை தெரிந்துவிடுமே என்றுதான் இவ்வளவு நாளும் அவள் பயந்தாள். அந்தப் பக்கம் நினைத்ததோ இவள் தங்களை அருவருக்கிறாள் என்று. இவளுடைய மானத்தை மூடி வைத்ததற்கு ரபீகாவின் மானம் விலையாகப் போயிருக்கிறது.

சுதர்சினி குசினியிலுள்ள டின்னையெல்லாம் திறந்தாள். ஒன்றில் பருப்பு இரண்டு கரண்டி. ஒன்றில் மஞ்சள் தூள். மற்றதெல்லாம் வாசம்தான்.

"ரெண்டு நாள் பொறு சுதா" என்றான் திவாகரன். "தோட்டத்துல இருந்து லொறி ஒன்னு வருதுன்னு மச்சான் சொன்னாரு. மரக்கறி வந்ததும் ஏனம் நெறைய வச்சு, கௌரவமா கொண்டு போயிக் குடு."

"இன்னும் ரெண்டு நாளைக்கு அந்த மனுசி அழுதுகிட்டு இருக்கணுமா?" என்றாள் சுதர்சினி. அப்புறம் அலுமாரியைத் திறந்தாள்.

ஏழு ஏனத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேலே ரோசாப்பூப் பீங்கான். மதிலுக்கு மேலாக நீட்டிவிட்டு ஓடி வந்திருக்கலாம். அவள் முன்கேட்டைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். பின்னேரம் ஆறு மணி, வேலை வெட்டியில்லாத ஊர், எல்லாச் சன்னலிலும் ஆள். பதினைந்து எட்டுத்தான் தூரம். லயத்துக் குழாயடியில் தண்ணீர்ச் சண்டை போட்டு வளர்ந்தவளுக்கு அந்தப் பதினைந்து எட்டும் தீராமல் நீண்டன. ஏனங்கள் கிலுங்கின. வெறும் ஏனம் எவ்வளவு சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ரபீகா கதவைத் திறந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் வீங்கியிருந்தது. ஏனங்களைப் பார்த்ததும் கையை நீட்டவில்லை.

"வெச்சிட்டுப் போங்கொ" என்றாள். "ஒங்களுக்கும் பயம் ஈக்கும்தானே."

"தாத்தா, நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறமா ஏசுங்க." சுதர்சினி படியிலேயே நின்றாள். அடுக்கி வைத்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. "வெறும் ஏனத்தோட வந்திருக்கேன். பாத்துக்கங்க. இதுல வைக்க எங்க வீட்டுல ஒன்னும் இல்ல. போன கிழமையும் இல்ல, அதுக்கு முந்தியும் இல்ல. வெக்கத்துல அலுமாரிக்குள்ள ஒளிச்சு வச்சேன். கஞ்சிய நாங்க கொட்டல, தாத்தா. காணுல போனது அரிசி கழுவின தண்ணி. ஒங்க கஞ்சிதான் எம் புள்ளைக்கு ராச் சாப்பாடே. முந்தாநாளும் நேத்தும் அவ மதிலடியில ஒக்காந்துட்டு, தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தா."

ரபீகா ஏனங்களை வாங்கவும் மறந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அல்லாஹ்" என்றாள். "புள்ள தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துச்சா? நான் ஒரு சட்டிக் கஞ்சிய அந்தியில வெளிய கொட்டினேனே."

சுதர்சினியும் அடுத்த படியில் உட்கார்ந்தாள். ஆறடி தூரம் என்றெல்லாம் அப்போது இருவருக்கும் ஞாபகமில்லை.

"பதினொரு ஊட்டுக்குக் காய்ச்சிப் பழகின கை" என்றாள் ரபீகா. "சின்னச் சட்டியில காய்ச்சத் தெரியாது எனக்கு. இந்த வருசம் மொத நாளே ஒம்பது ஊட்டுல இருந்து வேணாம்டாங்க. மரியாதையாத்தான் சென்னாங்க. ஒடம்புக்குச் சரியில்ல, இனிப்பு வருத்தம், டொக்டர் வேணாம்டாரு, இப்பிடி. பத்தாவது ஊட்டுக்காரங்க ஊருக்குப் போய்ட்டாங்க. நீங்க ஒரு ஆள்தான் வாங்கினீங்க. ஏனம் வராட்டியும் பரவாயில்லண்டு அனுப்பினேன். வாங்குறதுக்கு ஒரு ஊடாச்சும் ஈக்கேண்டு நெனச்சேன். அப்பத்தான் காணுல வெள்ளையாப் போனதக் கண்டேன்."

பத்து நாளும் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மகராசி இருந்துகொண்டு இல்லாதவளுக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கிறாள் என்றுதான் சுதர்சினி நினைத்திருந்தாள். வாங்க ஒரு கை கிடைக்காதா என்று அந்த மகராசி மதிலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கொடுப்பதுதான் பெரிசு என்று லயத்திலும் சொன்னார்கள், பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள். வாங்குவதும் ஒருவருக்குச் செய்கிற நல்லதுதான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இவள் காதில் ஏறியிருக்காது.

"இண்டைக்குக் காய்ச்சினீங்களா?" என்று கேட்டாள்.

"காய்ச்சாம? அண்டா நெறைய ஈக்கி." ரபீகா எழுந்தாள். "புள்ளைக்குத் தாரேன், கொண்டு போங்கொ."

"புள்ளைக்கு அப்புறம். எனக்குத் தாங்க மொதல்ல. இங்கயே, இப்பிடியே ஒக்காந்து குடிக்கிறேன்."

ரபீகா அவளையும் ஒழுங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சன்னல்களில் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

"பாக்கட்டும்" என்றாள் சுதர்சினி.

ரோசாப்பூப் பீங்கானில் கஞ்சி வந்தது. ஆவி பறந்தது, இரம்பை வாசம் மூக்கில் ஏறியது. அதே சின்னச் சட்டியிலிருந்துதான் ரபீகா ஊற்றிக்கொண்டு வந்தாள். இறைச்சி போடவில்லை. பதினோராம் நாளும், பன்னிரண்டாம் நாளும், இன்றைக்கும், கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். காலையிலிருந்து சுதர்சினியின் வயிற்றில் வெறும் தேத்தண்ணிதான். ஆனாலும் வாயில் வைக்கவில்லை. நோன்புக்காரி எதிரே இருக்கிறாள், பாங்குக்கு இன்னும் ஐந்து நிமிஷம். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஏனத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாவலி ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. ஒழுங்கையில் ஒரு சத்தமில்லை.

பாங்கு கேட்டது. ரபீகா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள். சுதர்சினி மாஸ்க்கை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டு, ஒழுங்கையைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து, ஏனத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள். நிதானமாக, மடக்கு மடக்காக, அடிவரைக்கும். ஓரத்தில் ஒட்டியதை விரலால் வழித்து நக்கினாள். ரபீகா தன் கஞ்சியைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்துநாலு வயதில் சுதர்சினி ஒரு வீட்டிலும் இரண்டாம் தரம் கேட்டுச் சாப்பிட்டதில்லை. கல்யாண வீட்டில்கூடப் பாயாசம் வந்தால் இலையைக் கையால் மறைப்பாள்.

அவள் ஏனத்தை நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க, தாத்தா."

ரபீகாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதோடேயே அகப்பையை எடுக்க உள்ளே போனாள்.